பிளாக்கு அண்ணனும் சின்னதொரையின் மின்னல் உதையும்

இந்தப் பூமியில் பிளாக்கு அண்ணனைப் போல் அடி வாங்கியவர் வேறு யாரும் கிடையாது. இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். அடி விழுந்தால் சிலர் அழுவார்கள், சிலர் ஓடுவார்கள், சிலர் பொலிசுக்குப் போவார்கள். அண்ணன் வருகிற அடியில் ஒன்றைக்கூட வீணாக்காமல் முழுவதையும் வாங்கி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு சாவகாசமாக, "பிளாக்கு!" என்று கத்துவார். அடிபட்ட ஆள் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடப்பான். எதிராளி கையைத் தூக்கி வெற்றி நடனம் ஆடிக்கொண்டிருப்பான். அப்போதுதான் அண்ணனுக்குத் தடுக்க வேண்டும் என்ற ஞாபகமே வரும்.

பயந்துவிடாதீர்கள். அடி வாங்கியது டீவிப் பெட்டிக்குள் இருந்த ஆள்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே ஹனிபா நானாவுக்கு ஒரு கடை இருந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகும். பெய்யாவிட்டால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக் குழாய் ஒழுகும். முன்பக்கம் நானா கைக்கடிகாரம் திருத்துவார். ஒரு பூப்போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு டீவி, சில ரிமோட், ஒரு நீள பெஞ்சு. அதுதான் கேம் கடை. ஹட்டனில் அந்தக் காலத்தில் மழைக்கு ஒதுங்க கோயிலை விட்டால் அந்தத் திரைச்சீலைதான்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஏன் சண்டை, காணித் தகராறா, சம்பந்தித் தகராறா, அதெல்லாம் சொல்லமாட்டார்கள். மணி அடித்ததும் ஒருவரை ஒருவர் வெளுக்க வேண்டும். ரிமோட்டின் வலது பக்கப் பொத்தான்களை அமத்தினால் குத்தும் உதையும். இடது கைப் பெருவிரலால் முன்னுக்குத் தள்ளினால் ஆள் முன்னுக்குப் போவான். பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் கையை முகத்துக்கு நேரே மறித்துத் தடுத்துக்கொள்வான். அதற்குப் பெயர்தான் பிளாக்கு. உலகத்தில் எல்லோருக்கும் அது ஒரு விரல் அசைவு. அண்ணனுக்கு அது ஒரு தவம்.

நான் அப்போது கல்மேட்டுத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக வந்த மாஸ்டர். மாஸ்டர் என்பவர் கேம் கடைக்குப் போகக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் ஊர் வாயில் இருந்தது. ஆகவே நான் கைக்கடிகாரம் திருத்தப் போனேன். ஒவ்வொரு சனியும் போனேன், ஞாயிறும் போனேன். என் கடிகாரத்தைப் போல் பராமரிக்கப்பட்ட கடிகாரம் இந்த நாட்டில் வேறு இருக்க முடியாது. திரைக்குப் பின்னால் என் மாணவர்கள் சிலர் இருப்பார்கள். நான் அவர்களைப் பார்க்கமாட்டேன், அவர்களும் என்னைப் பார்க்கமாட்டார்கள். அந்த உடன்படிக்கை இரு தரப்பாலும் கடைசி வரை மதிக்கப்பட்டது.

அண்ணன் எங்கள் தோட்டத்து லொறியின் கிளீனர். நாற்பதைத் தாண்டியவர், மீசை இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும், சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டித் தலையில் ஒரு துண்டு சுற்றியிருப்பார். பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாகூட "எங்கடா பிளாக்கு?" என்றுதான் வேலைக்கு ஆள் எடுப்பார். லொறி டவுனுக்கு வந்து, டிரைவர் சாமான் ஏற்றப் போனதும், அண்ணன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். எப்போதும் ஒரே ஆளைத்தான் எடுப்பார், வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழட்டுச் சண்டைக்காரன்.

"ஏண்ணே, இத்தன ஆளு இருக்க இந்தக் கெழவன எடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"வயசாளி மாஸ்டர். வேற எவனாச்சும் எடுத்து கண்டபடி அடி வாங்க வச்சிருவானுங்க. நான்னா பாத்துக்குவேன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். எதிராளி மெதுவாகக் குத்தினால் அண்ணன் அழகாகத் தடுப்பார். நடந்து வந்து அடித்தால் தடுப்பார். ஆனால் வேகமாகப் பாய்ந்து வந்து ஓர் உதை உதைத்தால், அவ்வளவுதான், தாடிக்காரன் மலைமுகட்டுக்கும் ஆற்றுப் படுகைக்கும் நடுவே எங்கேயோ பறந்துகொண்டிருப்பான். அந்த விளையாட்டில் பாய்ந்து வரும் உதைக்கு முன்னால் "ட்ர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அண்ணன் போச்சு. பறந்து, விழுந்து, புரண்டு, அசைவற்றுக் கிடக்கும்போது "பிளாக்கு!" கடை முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சிரிப்பார். அதுவரைக்கும் அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது.

அதை வேறு விஷயமாக ஆக்கியவர் சின்னதொரை.

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மனேஜர் அவர். கொழும்புப் பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மலையில் கொழுந்து வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது போரடித்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு வந்து நானா கடையில் விளையாடுவார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் திரைச்சீலையை விலக்கினாலே பெஞ்சில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை; விளையாட்டிலும் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பார்கள். எவ்வளவு கெட்டிக்காரனும் அவர் முன்னால் ரிமோட்டைப் பிடித்தால் சுவரைப் பார்த்துக் குத்துவான். இப்படித் தோற்கடித்துத் தோற்கடித்து அவர் தன்னை ஆசியச் சம்பியன் என்றே நம்பத் தொடங்கிவிட்டார். உண்மையாகத் தோற்றவர் பிளாக்கு அண்ணன் ஒருவர்தான். அண்ணனின் தோல்வியில் கலப்படமே கிடையாது.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் தேர். அண்ணனின் மகளுக்கு மஸ்கெலியாப் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் தேர் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் புது வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காய் பழத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்கிறார். பின்னால் அவர் மனைவி செல்லம்மாக்கா, அதற்குப் பின்னால் சம்பந்திகள். வளைவில் சின்னதொரையின் மோட்டார் சைக்கிள் திரும்பியது. அடுத்த நிமிடம் தட்டு ரோட்டில், தேங்காய் தேயிலைச் செடிக்குள், அண்ணன் கானுக்குள். மழைத்தண்ணீர் ஓடும் அந்தச் சாக்கடையில் வேட்டி சேற்று நிறமாகிவிட்டது. சின்னதொரை வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். சம்பந்தியும் சிரித்தார். பிறகு தேரை விட்டுவிட்டு எல்லோரும் இதைத்தான் பேசினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிமோட்டைத் தொடவில்லை.

"அக்கா என்ன சொன்னாங்க அண்ணே?"

"ஒண்ணுமே சொல்லல மாஸ்டர். திட்டியிருந்தா பரவால்ல. வேட்டிய தொவச்சு காயப்போட்டா. இன்னிக்கி வரைக்கும் ஒரு வார்த்த பேசல." மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு ஆச மாஸ்டர். இந்த சின்னதொரைகூட ஒரு ரவுண்டு. ஜெயிக்கெல்லாம் வேணாம். அவரு பாஞ்சு வரணும். நான் வுழாம நிக்கணும். அத அவ பாக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் சிரிக்கத்தான் போனேன், ஆனால் முடியவில்லை. நானா கடிகாரக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, "இன்ஷா அல்லாஹ், செய்வோம்" என்றார். அன்றைக்கே பயிற்சி தொடங்கியது.

முதலில் கண்ணில் கோளாறு என்று முடிவு செய்தோம். டவுனில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். அடுத்து மூளை. செல்லம்மாக்காவிடம் டிரைவர் போய், "அண்ணனுக்கு வல்லாரைச் சம்பல் குடுங்க" என்று சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் மூன்று வேளையும் வல்லாரை மட்டும் மௌனமாக வந்து விழுந்தது. ஒரு வாரத்தில் அண்ணனுக்குத் தன் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள் பெயரெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உதையை மட்டும் தடுக்க முடியவில்லை.

பிறகு கையின் வேகத்தைச் சோதித்தோம். டிரைவர் பேக்கரி வாசலில் நின்று பணிஸ் ரொட்டிகளை எறிந்தார். ஒன்று, அடுத்தது, இரண்டு சேர்ந்தாற்போல். அண்ணன் எல்லாவற்றையும் பிடித்தார். கடைசியில் ஒன்றை முதுகுக்குப் பின்னால் கை நீட்டிப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் கை தட்டினார். ஓடுகிற லொறியிலிருந்து எறியும் கொழுந்துச் சாக்கைப் பிடிக்கிற கை, சும்மாவா?

"மாஸ்டர்," என்று நானா என்னைத் தனியே கூப்பிட்டார். "கண்ணு நல்லா ஈக்கி. கை நல்லா ஈக்கி. ஆனா அந்த ட்ர்ர் சத்தம் வந்தா கை எங்கயோ பெய்த்திடுது. ரிமோட்டுல கையக் காணோம். நான் பாத்தேன்."

"எங்க போகுது?"

"அதான் வெளங்கல. அந்த நேரம் எல்லாரும் டீவியத்தானே பாக்குறோம்."

கை எங்கே போகிறது என்பது ஒரு மாலை நேரத்தில் தோட்டத்து ரோட்டில் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறேன். தூறல். அண்ணன் மண்ணெண்ணெய்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டு வருகிறார். வளைவுக்கு அந்தப் பக்கம் "ட்ர்ர்ர்ர்" என்று மோட்டார் சைக்கிள் சத்தம். தோளில் இருந்த கேன் தரையில். அண்ணனின் இரண்டு கையும் இடுப்புக்குப் போய், மடித்துக் கட்டிய சாரம் கணுக்கால் வரை இறங்கியது. தலைத்துண்டு கக்கத்துக்குப் போனது. உடம்பு ரோட்டை விட்டுப் பின்வாங்கி, ஒரு கால் கானுக்குள் இறங்கியது. எல்லாம் சேர்ந்து ஒரு மூச்சு விடும் நேரம். சின்னதொரை எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அண்ணன் சாரத்தை மறுபடி மடித்துக் கட்டி, கேனைத் தூக்கித் தோளில் வைத்து, "அதுக்கப்புறம் என்னாச்சுன்னா மாஸ்டர்..." என்று விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

"அண்ணே! இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யலயே."

"சாரத்த எறக்குனீங்க."

"எறக்குறதுதானே மாஸ்டர். தொரை வர்றாருல்ல." உலகத்தில் இப்படியும் ஒருவன் கேள்வி கேட்பானா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "மடிச்சுக் கட்டிக்கிட்டா நிப்பாங்க?"

"ரிமோட்ட புடிச்சிக்கிட்டு இருக்குறப்பவும் எறக்குறீங்கண்ணே! அந்தச் சத்தம் கேட்டதும் ரிமோட்ட வுட்டுட்டு சாரத்த எறக்குறீங்க! தேரன்னிக்கும் தட்ட வுட்டுட்டு வேட்டிய எறக்கத்தானே போனீங்க?"

அண்ணன் அப்படியே ரோட்டில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன கைகளைப் பார்ப்பதுபோல். அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மழை என் தலையில் பெய்துகொண்டிருந்தது. தொரை வந்ததும் நான் குடையை மடக்கியிருக்கிறேன். பட்டதாரி ஆசிரியன். அண்ணன் இதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெதுவாக விரித்துக்கொண்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். தோட்டத்தில் தொரை வந்தால் சாரத்தை இறக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், ரோட்டை விட்டுக் கானோரம் ஒதுங்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படி நிற்க வைத்த வெள்ளைக்காரத் தொரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். தோட்டம் அரசாங்கத்திடம் போனது, அரசாங்கத்திடமிருந்து கொம்பனியிடம் வந்தது, தொரைமார் காற்சட்டையின் நீளம்கூட மாறிவிட்டது. சாரம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. அண்ணனின் தாத்தா இறக்கினார், அப்பா இறக்கினார், அண்ணன் இறக்கினார். இனி டீவிக்குள் ஒருவன் பாய்ந்து வந்தாலும் இறக்கத்தானே செய்வார்?

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதானே என்று நாங்கள் நினைத்தோம். டிரைவரின் காற்சட்டையை அண்ணனுக்கு மாட்டினோம். காற்சட்டையை எப்படி இறக்குவார், பார்ப்போம். "ட்ர்ர்ர்" சத்தம் வந்தது. கை இடுப்புக்குப் போய், அங்கே சாரத்தைக் காணாமல் ஒரு கணம் திகைத்து, நேரே தலைக்குப் போய்த் துண்டை உருவியது. தாடிக்காரன் பறந்தான். சரி, துண்டை வாங்கி ஒளித்து வைத்தோம். இப்போது கை காதுக்குப் போனது. காதில் செருகியிருந்த பீடியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பீடியையும் பிடுங்கினோம். ஒளிக்க ஒன்றும் இல்லாத இரண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்கே பணிவாகக் கட்டிக்கொண்டன. ரிமோட் கீழே விழுந்து ஒரு பொத்தான் கழன்றது.

நானா பொத்தானைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அல்லாவே! வெங்காயம் மாதிரி மாஸ்டர் இந்த மனுசன். உரிக்க உரிக்க சலாமா வருது."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. "வுடுங்க மாஸ்டர்," என்றார். "இது நம்ம ரத்தத்துல இருக்கு. டீவிக்கு என்ன தெரியும்?" காற்சட்டையைக் கழற்றி மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவரை நானாதான் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நில்லுங்க. கைய எடுக்குறதுதானே கொழப்பம்? எடுக்க ஏலாம செஞ்சா?"

அண்ணனை பெஞ்சில் உட்கார வைத்து, ரிமோட்டை இரண்டு கையிலும் கொடுத்து, கையையும் ரிமோட்டையும் சேர்த்து அந்தத் தலைத்துண்டாலேயே நானா இறுக்கிக் கட்டினார். பெருவிரல்கள் மட்டும் அசையும்படி விட்டார். கடிகாரம் திருத்துகிறவரின் முடிச்சு, சும்மா அவிழாது. எதிர்ப்பக்கம் நான் விளையாடினேன். பாய்ந்து வரும் உதையை அமத்தினேன். ட்ர்ர்ர். அண்ணனின் கை சாரத்துக்குப் போகத் துடித்தது, முடியவில்லை. தலைக்குப் போகத் துடித்தது, முடியவில்லை. கைதான் கட்டியிருக்கிறது, உடம்பை யார் கட்டுவது? அது வழக்கம்போல் கானுக்கு ஒதுங்கியது. அண்ணன் முழு ஆளாக இடது பக்கம் பின்வாங்கிச் சாய்ந்தார். அந்தச் சாய்வோடு இடது கைப் பெருவிரலும் பின்னுக்கு இழுபட்டது.

தாடிக்காரன் கையை முகத்துக்கு நேரே மறித்தான். உதை அவன் கையில் பட்டு ஒன்றுமில்லாமல் போனது.

பிறகு வழக்கம்போல் கொஞ்சம் பிந்தி, "பிளாக்கு!" என்று அண்ணன் கத்தினார். கத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். "பிளாக்குதானே மாஸ்டர் இது? நெசமாவே பிளாக்கா?"

"நெசமாவேதான் அண்ணே!" என்றேன். நானா அன்றைக்கு எல்லோருக்கும் பிளேன்டீ சொன்னார், அதுவே ஒரு சரித்திரச் சம்பவம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு போட்டி என்று வைத்துக்கொண்டோம். ஒரே ஒரு ரவுண்டு. டவுனில் தீபாவளிச் சந்தை, தோட்டமே இறங்கி வந்திருந்தது. செல்லம்மாக்காவும் சாமான் வாங்க வந்திருந்தார். "அக்கா, இந்தப் பக்கம் ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்று டிரைவர் சொல்லி வைத்திருந்தார். வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. சின்னதொரை வரும் முன்னமே அண்ணனைக் கட்டி உட்கார வைத்துவிட்டோம். கட்டாமல் விட்டால் அவர் எழும்பி நின்று அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். சின்னதொரை திரையை விலக்கியதும் வழக்கம்போல் பெஞ்சு முழுக்க எழும்பியது. அண்ணனும் எழும்பப் பார்த்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் டிரைவர், இரண்டு பேரும் அவர் தோளை அமத்திப் பிடித்துக்கொண்டோம்.

"இது என்னா துண்டு?" என்று சின்னதொரை கேட்டார்.

"அவருக்குக் கைப்பிடிப்பு, சேர்," என்றார் நானா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். "குளிருக்கு."

மணி அடித்தது. சின்னதொரை முதலில் சும்மா இரண்டு குத்து விட்டுப் பார்த்தார். தாடிக்காரன் தடுத்தான். சின்னதொரை சிரித்தார், பெஞ்சும் மரியாதைக்குச் சிரித்தது. பிறகு ட்ர்ர்ர் என்று பாய்ந்தார். அண்ணன் என் மடியில் வந்து சாய்ந்தார், பிளாக்கு. மறுபடி பாய்ந்தார். மறுபடி என் மடி, மறுபடி பிளாக்கு. மேலேயிருந்து குதித்து உதைத்தார், சுழன்று உதைத்தார், தனக்குத் தெரிந்த வித்தை, தெரியாத வித்தை எல்லாவற்றையும் காட்டினார். அவர் நெற்றி வியர்த்தது. ஹட்டனில் ஒரு மனிதனுக்கு ஐப்பசி மாதத்தில் வியர்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கானுக்கு ஒதுங்கிக்கொண்டே இருந்தார். மூன்று தலைமுறை ஒதுங்கிய ஒதுக்கம் அத்தனையும் அந்தப் பெருவிரலில் வந்து நின்றது. கூட்டம் மரியாதையை மறந்துவிட்டது. "புடிண்ணே! வுடாதண்ணே!" என்று முதல் குரல் எழும்பியதும் மற்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள். திரையில் நேரம் முடிந்தது. இரண்டு பேருக்கும் உயிர் அப்படியே இருந்தது.

"சமம்!" என்று நானா அறிவித்தார்.

சின்னதொரை ரிமோட்டை வைத்துவிட்டு எழும்பினார். எழும்பி அண்ணனுக்கு நேரே வந்து நின்றார்.

"ஏய், நீ ஒரு அடியும் அடிச்சது இல்லயே. ஏன் அடிச்சது இல்ல?"

"அடிக்கிறதா?" அண்ணன் உண்மையிலேயே திகைத்துப்போனார். "நான் அதப்பத்தி யோசிக்கவே இல்லங்க. தொரை அடிச்சு முடிக்கட்டும்னு இருந்தேங்க."

சின்னதொரை வாய்விட்டுச் சிரித்தார். தேரன்று சிரித்த சிரிப்பு இல்லை இது, இதில் தானும் சேர்ந்திருந்தார். கை கொடுக்க வலது கையை நீட்டினார். அண்ணனுக்குத்தான் கை இல்லையே. துண்டும் ரிமோட்டுமாக இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சின்னதொரை அந்தத் துண்டு மூட்டையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் திரைச்சீலையோரம் செல்லம்மாக்கா நிற்பதைப் பார்த்தேன். கையில் சந்தைப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. அவர் கண் டீவியில் இல்லை.

"ஏங்க," என்றார். தேருக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "சாரம்..."

அண்ணன் குனிந்து பார்த்தார். சாரம் முழங்காலுக்கு மேலே மடித்தபடியே இருந்தது. தொரை நின்றுகொண்டிருக்கிறார், அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் வம்சத்திலேயே நடக்காத காரியம். முகம் வெளுத்தது. தோளை அமத்தியிருந்த என் கையை எப்போதோ எடுத்துவிட்டிருந்தேன். துண்டைப் பல்லால் இழுத்தால் அவிழ்த்துவிடலாம், எழும்பிவிடலாம். செய்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இருக்கட்டும் புள்ள," என்றார் அண்ணன்.

செல்லம்மாக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகம் அப்படியே பூத்திருந்தது. "சரி சரி, வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று அதட்டிவிட்டு வெளியே போனார். அந்த அதட்டலைக் கேட்க அண்ணன் எத்தனை வாரமாகக் காத்திருந்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் நானா கத்தரிக்கோலை எடுத்தார். "துண்ட வெட்டாதீங்க நானா," என்று அண்ணன் கெஞ்சினார். "அது வேணும்."

இதற்குப் பிறகு பிளாக்கு அண்ணன் தொரைமார் முன்னால் நிமிர்ந்து நடந்தார் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த திங்கட்கிழமை நடந்தது வேறு. வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அண்ணனின் கை சாரத்துக்குப் போய்விட்டது. பாதி இறக்கும்போது ஞாபகம் வந்து நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் முழங்காலிலும் மறுபக்கம் கணுக்காலிலுமாகச் சாரம் தொங்க, ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் கானிலுமாக நின்றார். சின்னதொரை வேகத்தைக் குறைத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். "பாதிதான் மாஸ்டர் ஆச்சு," என்றார் அண்ணன் என்னிடம். "மீதிய என் பேரன் பாத்துக்குவான்." கல்யாணமே ஆகாத மகளின் பிள்ளையைத்தான் சொன்னார்.

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சம்பந்தி அண்ணனை "சம்பியன்" என்று கூப்பிட்டார். சின்னதொரை மாற்றலாகிப் போனார். நானாவின் கடை தொலைபேசிக் கடையாகிவிட்டது. அண்ணன் வேலையிலிருந்து நின்று மகளோடு மஸ்கெலியாவுக்குப் போனார் என்று கேள்வி. நான் கல்வித் திணைக்களத்தில் மேலே மேலே ஏறி, இப்போது என்னைக் கண்டும் நாலு பேர் எழும்பி நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்களே. நுவரெலியாவில் கூட்டம் நடக்கும். கதவு திறக்கும். பெரியவர் யாராவது உள்ளே வருவார். நான் எழும்பியிருப்பேன், தேநீர்க் கோப்பையை மேசைக்குக் கீழே மறைத்திருப்பேன், திறந்திருந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருப்பேன், முகத்தில் ஒரு பணிவுச் சிரிப்பைத் தேய்த்திருப்பேன். எல்லாம் முடிந்த பிறகு, சாவகாசமாக, எனக்குள்ளே எங்கேயோ ஒரு குரல் கத்தும்: "பிளாக்கு!"

எப்போதும்போல் பிந்தித்தான் கத்துகிறீர்கள் அண்ணே. பரவாயில்லை, கத்திக்கொண்டே இருங்கள்.